கடாவும் விடையும் அற்ற கருத்தரங்குகள்

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்பது பனம்பாரனாரின் சிறப்புப்பாயிரம் தரும் செய்தி. அதங்கோட்டாசான் குற்றம் காட்டக் காட்டத் தொல்காப்பியர் விடை கூறினார் என நச்சினார்க்கினியர் உரை விரிக்கும். நூலைப் படித்துக் காட்டுவது மட்டும் அரங்கேற்றமன்று. கடாவுக்கு, அதாவது வினாவுக்கு, விடைகூறி நிற்பதே அரங்கேற்றம் என்பது இதனால் பெறப்படும். இன்றைய தமிழ்க் கருத்தரங்குகள் பலவற்றில் அந்தக் கடாவே இல்லை.

ஒக்கலிபுரத்தில் வாழும் ஆய்வு மாணவி ஒருவர் பதிவுக் கட்டணம் செலுத்தி, இரவுத் தொடர்வண்டியில் தமிழகம் சென்று கட்டுரை வழங்கினார். தொடக்க விழா நண்பகல் வரை நீண்டது. அவருக்குக் கிடைத்தவை நான்கு நிமிடங்களும் ஒரு சான்றிதழும். "நல்லவேளை, யாரும் எதுவும் கேட்கவில்லை ஐயா" என்றார். வினா எழாமையை நற்பேறாகக் கருதும் மனநிலையை அவருக்குக் கற்பித்தவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆய்வேட்டை அளிக்குமுன் இரண்டு கருத்தரங்கக் கட்டுரைகள் வழங்குவதைக் கட்டாயமாக்கின. 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் அக்கட்டாயம் இல்லை. ஆயினும் சான்றிதழ் வேட்கை தணியவில்லை. எண்ணிக்கை காட்டினால்தானே பணி கிடைக்கும் என மாணவர் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் வினவும்போது சான்றிதழ்க் கோப்பு விடை கூறாது.

எனவே மாணவர்க்குச் சில கூறத் தோன்றுகிறது. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் மற்றொன்று விரித்தலும் சென்றுதேய்ந்து இறுதலும் கருத்தரங்க மேடைக்கு மிகவும் பொருந்துவன. 'சங்க இலக்கியத்தில் பெண்கள்' என்னும் தலைப்புப் பத்து நிமிடத்தில் அடங்காது. பெங்களூரு மாணவர் தொம்மலூர்ச் சொக்கநாதசாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டு ஒன்றில் பயிலும் ஒரு சொல்லாட்சியை ஆராய்ந்தாலே போதும். விளிகளையும் புகழுரைகளையும் தவிர்த்துக் கண்ட முடிவை முதலில் கூறுக. பிறகு சான்று காட்டுக. முழுக் கட்டுரையையும் விரைந்து படிக்க முயலாது, பேசுவதற்கெனத் தனியே இரண்டு பக்கம் எழுதி, கடிகாரம் வைத்து உரக்கப் படித்துப் பழகுக. மேற்கோள் எடுத்த பதிப்பைக் கையில் வைத்திருக்க. விடை தெரியாத வினாவுக்கு 'அறியேன், பார்த்துக் கூறுவேன்' என்பது இழுக்காகாது. சுற்றி வளைத்துப் பேசுவதே இழுக்கு.

மாணவர் திருந்தினால் மட்டும் போதாது. ஓர் அமர்வில் இருபது கட்டுரைகளை அடைத்துவிட்டு ஆய்வு தாழ்ந்தது எனப் புலம்புவது நமக்கு அழகன்று. கட்டுரைகளைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடமேனும் வினாவுக்கு ஒதுக்குவது அமைப்பாளர் கடன். அதனை அவர்கள் செய்யாவிடின், மாணவர் தாமே அவையை நோக்கி 'என் முடிவில் குறை உண்டா?' எனக் கேட்கட்டும். சான்றிதழைக் கேட்டுப் பெறுவோர் வினாவையும் கேட்டுப் பெறலாம்.