பானிபூரி ஜோக் எந்தக் கட்சி?

இடதுசாரி என்று ஊருக்குள் பெயர் வாங்கிவிட்டால் ஒரு தொல்லை. எந்த வீடியோவுக்கு நான் கோபப்படுவேன், எதற்குச் சிரிப்பேன் என்பதை அனுப்புகிறவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். கவர்னர் என்றால் கோபம். புதிய தொழிலாளர் சட்டம் என்றால் பெருங்கோபம். ‘வடக்கன்’ ஜோக் என்றால் சிரிப்பு. முதல் இரண்டும் சரி. மூன்றாவதில்தான் தகராறு.

ஜோக்குகள் எல்லாம் ஒரே அச்சு. ரிசர்வேஷன் பெட்டியில் டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவன், பாக்கு மென்று துப்புகிறவன், பானிபூரி விற்கிறவன். அனுப்புகிறவர்கள் பெரியார் படமோ செங்கொடியோ டி.பி.யாக வைத்திருப்பவர்கள். இந்தித் திணிப்பை எதிர்க்கிறார்களாம்! இந்தியைத் திணிக்கிறவர் டெல்லியில் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறார். சிம்மக்கல் பரோட்டாக் கடையில் வெங்காயம் உரிக்கிற பையன் யார் மேலும் எதையும் திணிக்கவில்லை. வந்த மூன்றாம் மாதமே அவன் ‘சால்னா வேணுமாண்ணே?’ என்று தமிழில்தான் கேட்கிறான்.

2022 மே மாதம் கோவை பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், அப்போது உயர்கல்வி அமைச்சராக இருந்த பொன்முடி, இந்தி படித்தவர்கள் இங்கே பானிபூரிதானே விற்கிறார்கள் என்கிற பொருளில் பேசினார். எங்கள் பக்கத்திலும் பலர் கை தட்டினார்கள். பானிபூரி விற்பது கேவலமான வேலை என்று எந்தக் கட்சித் திட்டத்தில் இருக்கிறது? நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

டீக்கடை நண்பர் ஒருவர் இதற்கெல்லாம் மசியமாட்டார். “சும்மா சிரிக்கத்தான தோழர் போடுறாய்ங்க, இதுக்குப் போய்...” என்பார். அவருக்கு நான் 2023 மார்ச் மாதத்தைத்தான் ஞாபகப்படுத்துவேன்.

அந்த மாதம், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பறந்தன. வேறு மாநிலங்களில் வேறு காரணங்களுக்காக நடந்த சண்டைகளை வெட்டி ஒட்டியவை. டி.ஜி.பி. சைலேந்திரபாபு வீடியோவில் வந்து மறுத்தார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பி விசாரித்தது. மார்ச் 8 ஹோலி. பண்டிகைக்கு ஊருக்குப் போன கூட்டத்தைக்கூடத் தப்பி ஓடுகிற கூட்டம் என்று காட்டினார்கள். முழுப்பொய்தான். ஆனால் அதை நம்பிப் பயந்த தொழிலாளியை நான் குறை சொல்லமாட்டேன். அவனைக் கேலி செய்து நம் ஆட்கள் போட்ட ரீல்ஸ் அவன் போனிலும் ஓடியிருக்குமே. இவ்வளவு கேலி செய்கிறவன் அடிக்கவும் செய்வான் என்று நினைப்பது இயல்பு.

அந்த விவகாரம் கடைசியில் எங்கள் ஊருக்கே வந்து சேர்ந்தது. வீடியோ பரப்பியதாகக் கைதான பீகார் யூடியூபர் மணீஷ் காஷ்யப்பை மதுரைக்குக் கொண்டுவந்து மத்திய சிறையில் அடைத்தார்கள். ஏப்ரலில் தேசிய பாதுகாப்புச் சட்டமும் அவர்மேல் பாய்ந்தது. குழுக்களில் ஒரே கைதட்டல். எனக்குக் கை எழவில்லை. அந்த ஆள்மேல் எனக்குத் துளி அனுதாபம் கிடையாது. வழக்குப் போடு, நிரூபி, தண்டனை வாங்கிக் கொடு. ஆனால் விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை ஒருவரை உள்ளே வைக்கிற 1980-ஆம் வருடத்துச் சட்டம் அது. அதை எதிர்த்துத் தெருவில் நின்றவர்கள் நாங்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரி மாணவராக இருந்தபோது 1941-ல் கைதாகி, தேர்வு எழுத முடியாமல் பட்டமே வாங்காமல் போனவர் என்.சங்கரய்யா. பிறகு மதுரை சதி வழக்கில் பி.ராமமூர்த்தி உள்ளிட்ட தோழர்களோடு சிறைப்பட்டு, 1947 ஆகஸ்ட் 14 அன்றுதான் வெளியே வந்தார். அவர் படத்தை மாட்டி வைத்துக்கொண்டு நான் எப்படிக் கை தட்டுவது? அந்தத் தடுப்புக்காவல் உத்தரவை 2023 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. (மணீஷ் அதன் பிறகு பா.ஜ.க.வில் சேர்ந்து, விலகி, பிரசாந்த் கிஷோர் கட்சிக்குப் போனார். அதே கிஷோர்தான் 2021-ல் தி.மு.க.வுக்குத் தேர்தல் வியூகம் வகுத்துக் கொடுத்தவர். அரசியலில் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே தெருதான்.)

2023-ல் சொன்னது பொய். 2025 டிசம்பர் கடைசியில் திருத்தணியில் நடந்தது பொய் இல்லை. ரயிலில் வந்த வடமாநிலத் தொழிலாளி ஒருவரை 4 சிறுவர்கள் அரிவாளால் வெட்டி, அதை வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார்கள். அன்றைக்கு எங்கள் குழுவில் வந்த பதிவுகள் போதைப்பொருளைப் பற்றியும் போலீசைப் பற்றியுமே இருந்தன. பேச வேண்டிய விஷயங்கள்தான். வருஷக்கணக்காக ஓடுகிற ஜோக்கைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மதுரைக்காரன் இதில் கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கிறது. நம் சுங்குடிச் சேலையைக் கொடுத்த சௌராஷ்டிரர்கள் எங்கிருந்து வந்தார்கள்? மகால் கட்டிய நாயக்கர் வீட்டில் பேசியது என்ன மொழி? எதிர்ப்பக்கமும் பார்க்கலாம். 1966-ல் சிவசேனை தொடங்கியபோது பம்பாயில் லுங்கிக்காரர்களை விரட்டு என்றார்களே, அந்த லுங்கிக்குள் இருந்தவர்கள் யார்? தாராவியில் சொந்தக்காரர் இருக்கிற குடும்பங்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் கேட்ட டீக்கடை நண்பர், “அப்ப கூலி குறையுதே, நம்மாளுக்கு வேலை போகுதே, அது பொய்யா?” என்றார். அவர் சொன்னதில் உருப்படியான கேள்வி இதுதான். பொய் இல்லை. ஆனால் கூலியைக் குறைக்கிறவன் வந்தவன் இல்லை, கொடுக்கிறவன். ஒப்பந்தக்காரர் மூலம் வருகிற வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு 1979-ல் ஒரு சட்டம் இருந்தது. அப்படி வந்தவர்கள் 5 பேர் இருந்தாலே அது பொருந்தும். ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரருக்கும் அவர்களுக்கும் ஒரே கூலி என்று அதில் எழுதியிருந்தது. ஒழுங்காக அமல் செய்யவில்லை என்பது வேறு கதை. 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாக வந்திருக்கிற தொகுப்பில், தானாக வந்தவர்களையும் சேர்த்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் 5 என்பது 10 ஆகிவிட்டது.

நண்பர் டீ கிளாசை வைத்துவிட்டு, எங்கள் தெருவில் அப்படி 10 பேரை வைத்து நடத்துகிற கடைகளை விரல்விட்டு எண்ணினார். இரண்டுதான் தேறியது.