முதலில் எது?



கிளிநொச்சியில் ஒரு சகோதரி வீடுவீடாகப் போய் அளவெடுத்துச் சட்டை தைத்துக் கொடுக்கிறார். "பேஸ்புக்கில படம் போட்டுப் போட்டுக் களைச்சுப் போனன் மிஸ். லைக் போடுறது முழுக்க வெளிநாட்டுச் சனம்" என்றார்.

தைக்கக் கொடுப்பவர் பக்கத்து ஊரில்தான் இருப்பார். அவர் கூகுளில் 'கிளிநொச்சி தையல்' என்று தேடும்போது நமது பெயர் வரவேண்டும். ஆகவே முதல் வேலை, கூகுளில் தொழிலைப் பதிவது. கட்டணம் இல்லை. சரியான தொலைபேசி இலக்கம், வேலை நேரம், நீங்கள் தைத்தவற்றின் படங்கள் இருக்கட்டும். திருப்திப்பட்டவரிடம் இரண்டு வரி கருத்து எழுதச் சொல்லுங்கள்.

"பொம்பிளைப் பிள்ளையளோட தனிய இருக்கிறன். வீட்டைக் காட்டலாமோ?"

நியாயமான பயம். வாடிக்கையாளரிடம் நீங்களே போவதானால் முகவரியை மறைத்து, வேலை செய்யும் ஊர்களை மட்டும் காட்டலாம்.

அடுத்தது வட்ஸ்அப் பிசினஸ். அதில் விலையும் மாதிரிகளும் போடலாம். பேஸ்புக் அதற்குப் பிறகுதான். வாரம் ஒரு படம் போதும்.

ஒன்றை மறக்கவேண்டாம். கணக்கைக் கடைத் தம்பியின் மின்னஞ்சலில் திறக்காதீர்கள். தம்பி வேறிடம் போனால் உங்கள் தொழிலின் பெயரும் அவரோடு போய்விடும். கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கட்டும்.

அன்று பதிவை அந்தச் சகோதரியே செய்தார். உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயரைக் கண்டதும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.