கோதாவில் பகையும் கூடத்தில் பகையும்

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பு இரண்டு வாரமாக நடைபெறவில்லை. இடம் கிடைக்கவில்லை என்றோ, ஆசிரியர் நோயுற்றார் என்றோ அன்பர்கள் எண்ணியிருக்கக்கூடும். உண்மை அதுவன்று. வகுப்பைச் சேர்ந்து நடத்திவந்த இளைஞர் இருவர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஒருவர் வந்தால் மற்றவர் வருவதில்லை என்றாகி, இப்போது இருவருமே வருவதில்லை. குழந்தைகள் ஏடும் எழுதுகோலுமாக வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினர். காரணத்தைக் கேட்டறிந்தபோது நமக்கு முதலில் நகைப்பும் பின்பு வருத்தமும் உண்டாயின. கனடா நாட்டு மான்ட்ரியால் நகரில் 1997-ஆம் ஆண்டு நடந்த ஒரு குஸ்தியே காரணம்! அன்று இவ்விருவரும் பிறந்திருக்கவுமில்லை.

நம் படிப்பகத்தில் செவ்வாய்க்கிழமை மாலைதோறும் குஸ்தி அன்பர் சிலர் கூடுவது வழக்கம். அமெரிக்காவில் திங்கள் இரவு நடப்பது நமக்குச் செவ்வாய் விடியலில் நடப்பதாகும். அலுவலகம் விட்டு வந்தபின் அதனைப் பற்றிப் பேசித் தீர்ப்பது அவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி. எவர் பிடி அழகு, எந்தப் போர் சலிப்பு, எவருக்குப் பட்டம் தகும் என்று அவர்கள் பேசுவதை நாளிதழுக்குப் பின்னிருந்து நாமும் கேட்டதுண்டு. கேட்டுக் கற்றதும் உண்டு.

“முடிவை முன்னரே எழுதிவைத்துக்கொண்டு ஆடும் ஆட்டத்துக்கு இத்தனை வாதமா?” என்று பெரியவர்கள் சிலர் நகைப்பர். முடிவு முன்னரே தீர்மானிக்கப்படுவது மறைபொருள் அன்று. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடும் பொருட்டு, 1989-ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநில மேலவையின் முன் அக்குஸ்தி நிறுவனத்தாரே, தாம் நடத்துவது போட்டி அன்று, பொழுதுபோக்கே என்று ஒப்புக்கொண்டனர். ஆயினும், படுகளத்தில் துரியோதனன் வீழ்வான் என்பதை அறியாமலா நம் ஊரார் விடிய விடியக் கூத்துப் பார்த்தனர்? அவன் வீழ்ந்தான் என்பதை எவரும் பேசுவதில்லை. எவ்வாறு வீழ்ந்தான் என்பதையே மறுநாள் திண்ணையில் பேசுவர். குஸ்தியும் அவ்வகையினதே. இருவரில் வலியவர் யார் என்பதை அது காட்டுவதில்லை. இருவரும் சேர்ந்து ஒரு சண்டையை எவ்வளவு நம்பும்படி அமைத்தனர் என்பதையே காட்டுகிறது. ஆதலின் அங்கே வாதத்துக்கு இடம் உண்டு.

மற்போர் கண்டவர் இரு கட்சியாகப் பிரிவதும் புதிதன்று. போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றி நக்கண்ணையார் பாடியவற்றுள் ஒன்று புறநானூற்றின் 85-ஆம் பாட்டு. கிள்ளிக்கு அது சொந்த ஊரன்று. ஆதலின் கூடியிருந்தோரில் ஒரு சாரார் அவன் வென்றான் என்கின்றனர், மற்றொரு சாரார் இல்லை என்கின்றனர். புலவரோ இரு பேச்சையும் இகழாமல், பனையைச் சார்ந்து நின்று தம் கண்ணால் கண்டதைக் கூறுகிறார். இரு கட்சி அன்றும் இருந்தது. ஆனால் அந்த ஊரில் பள்ளி மூடப்பட்டதாகப் பாட்டில் இல்லை.

மான்ட்ரியாலில் நிகழ்ந்தது, சொந்த நாட்டிலேயே ஒரு மல்லருக்கு நேர்ந்தது. நாள் 1997 நவம்பர் 9. கனடாவில் பிறந்த பிரெட் ஹார்ட் அப்போது டபிள்யூ. டபிள்யூ. எஃப். நிறுவனத்தின் சாம்பியன். அவர் அதை விட்டுப் போட்டி நிறுவனமாகிய டபிள்யூ. சி. டபிள்யூ.வுக்குச் செல்லவிருந்தார். தம் நாட்டு மக்கள் முன்னிலையில் ஷான் மைக்கேல்ஸிடம் பட்டத்தை இழக்க அவர் இசையவில்லை. வேறொரு நாளில் விட்டுக்கொடுப்பதாகக் கூறினார். இறுதி முப்பது நாட்களில் தம் பாத்திரம் எவ்வாறு நடத்தப்படும் என்பதில் கருத்துக் கூறும் உரிமை ஒப்பந்தப்படி அவருக்கு இருந்தது. பட்டம் கைமாறாமல் அன்றைய ஆட்டத்தை முடிப்பதென்று அவரோடு பேசி வைத்திருந்தனர். ஆனால், மைக்கேல்ஸ் அவருடைய கால்களை மடக்கிப் பிடித்த சிறிது நேரத்தில், ஹார்ட் தோல்வியை ஒப்பாதிருக்கும்போதே, முதலாளி வின்ஸ் மக்மஹன் மணியை அடிக்கச் செய்தார். பட்டம் பறிபோயிற்று. ஹார்ட் முதலாளியின் முகத்தில் உமிழ்ந்தார்.

வாக்கை மீறியது துரோகம் என்பது ஒரு கட்சி. மறுகட்சியாரும் வெறுங்கையோடு வருவதில்லை. 1995 டிசம்பரில் அதே நிறுவனத்தின் பெண் சாம்பியன் போட்டி நிறுவனத்துக்குச் சென்று, தாம் வென்ற பெல்ட்டைத் தொலைக்காட்சியில் எல்லாரும் காணக் குப்பைத் தொட்டியில் எறிந்தார். அவ்விழிவு மீண்டும் நேராமல் காக்க முதலாளிக்கு வேறு என்ன வழி என்பது அவர்கள் கேள்வி. இரண்டும் எண்ணிப் பார்க்கத் தக்கனவே.

அன்று மாலை நம் இளைஞர்களும் இவ்வாறே ஒரு மணி நேரம் அழகாக வாதிட்டனர். பின்பு ஒருவர், “உனக்குக் குஸ்தியைப் பற்றி என்ன தெரியும்?” என்றார். மற்றவர், “வாக்கு மீறுவது உங்கள் வீட்டில் பழக்கம்தானே!” என்றார். முன்னவருடைய தந்தையார் வணிகத்தில் நொடித்துக் கடன்பட்ட காலத்தைச் சுட்டிய சொல் அது. அதன்பின் அக்கூடத்தில் மான்ட்ரியாலைப் பற்றிய பேச்சு இல்லை. நாம் நாளிதழை மடித்துவிட்டு எழுந்திருக்கலாம், எழவில்லை. இளைஞர் பேச்சு, தானே தணியும் என்று இருந்துவிட்டோம். இத்திங்கள் இதனை எழுதுவதற்கு அப்பிழையும் ஒரு காரணம்.

வாதங்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல என்பதை உணர்ந்தால் பாதிப் பூசல் எழாது. சில வாதங்கள் எண்ணைப் பற்றியன. 1987 மார்ச் 29 அன்று மிச்சிகன் மாநிலத்துப் பான்டியாக் நகர அரங்கில் ஹல்க் ஹோகனும் ஆண்ட்ரேயும் பொருததைக் காண 93,173 பேர் வந்தனர் என்று நிறுவனம் அறிவித்தது. குஸ்திச் செய்தி இதழ் நடத்தும் டேவ் மெல்ட்சர் ஏறத்தாழ 78,000 என்றார். இத்தகைய வழக்குக்குச் சான்று வேண்டும். உரத்த குரல் வேண்டியதில்லை. எவர் எங்கிருந்து எண்ணைப் பெற்றார் என்று கேட்டால் போதும்.

சில வாதங்கள் சொல்லைப் பற்றியன. இம்மும்பை மாநகரில் 1968 மே மாதம் தாரா சிங், லூ தெஸ்ஸை வென்று உலகச் சாம்பியன் ஆனார் என்று மூத்தோர் பெருமையோடு கூறுவர். தெஸ் தம் என். டபிள்யூ. ஏ. உலகப் பட்டத்தை 1966-ஆம் ஆண்டிலேயே செயின்ட் லூயிஸ் நகரில் ஜீன் கினிஸ்கியிடம் இழந்துவிட்டாரே என்று ஏடறிந்த இளைஞர் மறுப்பர். இருவர் கூற்றும் மெய்யே. மும்பையில் வழங்கப்பட்டது ஒரு பட்டம். செயின்ட் லூயிஸில் இழந்தது வேறொரு பட்டம். ‘உலகச் சாம்பியன்’ என்னும் சொல்லை எப்பொருளில் ஆள்கிறோம் என்று முதலில் கேட்டுக்கொண்டால், தாத்தாவும் பேரனும் ஒரே தட்டில் முறுக்குத் தின்னலாம்.

சில வாதங்கள் சுவையைப் பற்றியன. மெல்ட்சர் குஸ்திகளுக்கு நட்சத்திரம் இட்டு மதிப்பிடுபவர். ஐந்து என்பதே உச்சம் என்று பலரும் கருதியிருந்தனர். 2017 ஜனவரி 4 அன்று டோக்கியோவில் ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் ஆடிய ஆட்டத்துக்கு அவர் ஆறு இட்டார். அன்று தொடங்கிய சொற்போர் எளிதில் அடங்கவில்லை. ஒருவர் நாவுக்குப் புளிப்பது மற்றவர் நாவுக்கு இனிப்பதைச் சான்று காட்டி மாற்ற இயலுமோ? ஏன் பிடித்தது என்று கூறலாம், கேட்கலாம், அவ்வளவே.

நான்காவது வகை நீதியைப் பற்றியது. மான்ட்ரியால் அவ்வகையைச் சேர்ந்தது. ஆதலின் அது கடினமானது. இங்கே நாம் கைக்கொள்ளத்தக்க முறை ஒன்று உண்டு. எதிர்க்கட்சியாரின் வாதத்தை, அவரே “ஆம், நான் சொன்னது இதுதான்” என்று ஒப்பும்படி முதலில் எடுத்துக் கூறிவிட்டு, அதன்பின் மறுப்பது. அவ்வாறு கூற இயலாதவர் இன்னும் கேட்டு முடிக்கவில்லை என்பது பொருள்.

இவற்றோடு சிறு நெறிகள் சிலவும் உள. அலுவலகம் முடிந்து இரவில்தான் காண இயலும் அன்பரிடம் காலையிலேயே முடிவைக் கூறிவிடலாகாது. ஒருவர் காத்திருந்த இன்பத்தைத் திருடுவதாகும் அது. புதிதாக வந்த சிறுவன் பெயரை மாற்றிச் சொன்னால் திருத்துக; நகையற்க. ஒரே கருத்தை மூன்றாம் முறை கூற நேர்ந்தால் தேநீர் அருந்தச் செல்க. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டத்தைப் பற்றிப் பேசுக. ஆளைப் பற்றிப் பேசற்க. ஆளைப் பற்றிப் பேசினாலும் அவர் வீட்டைப் பற்றிப் பேசவே வேண்டா.

கோதாவில் பகைவராகத் தோன்றுவோர் உண்மையில் எத்தகையவர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவரைத் தலைக்கு மேல் தூக்கி எறிவதாக நாம் காண்கிறோம். தூக்கப்படுபவர் தாமும் எழும்பி உதவுகிறார். தூக்குபவர் அவருடைய கழுத்தையும் முதுகையும் காத்துக் கீழே விடுகிறார். ஒவ்வொரு பிடியிலும் ஒருவர் தம் உடலை மற்றவர் கையில் நம்பி ஒப்படைக்கிறார். முடிவு எழுதிவைத்ததாயினும் எலும்பு எழுதிவைத்ததன்று.

1999 அக்டோபர் 5 அன்று நியூ யார்க் மாநிலத்து லாங் ஐலண்டில் இதற்குச் சான்றாக ஒரு துயரம் நிகழ்ந்தது. டீலோ பிரவுன் என்பவர் டேரன் டிராஸ்டோவைத் தூக்கி வீழ்த்தும் பிடியில் கை நழுவியது. டிராஸ்டோவின் கழுத்தெலும்பு முறிந்தது, கைகால்கள் செயலற்றன. அக்காட்சியை நிறுவனம் ஒளிபரப்பவே இல்லை. டிராஸ்டோவ் 2023 ஜூன் 30 அன்று தம் 54-ஆம் அகவையில் மறையும்வரை ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள் சக்கர நாற்காலியில் வாழ்ந்தார். அவ்வளவு காலத்திலும் அவர் பிரவுனைப் பழிக்கவில்லை. அது தற்செயலாக நேர்ந்தது, அவர் வேண்டுமென்று செய்ததன்று என்றே கூறிவந்தார்.

கழுத்து முறிந்தவர் பகை கொள்ளவில்லை. அவர்கள் ஆடுவதை நாற்காலியில் அமர்ந்து பார்த்த நாம் பகை கொள்கிறோம். மல்லர் கையில் மற்றொருவர் உடல் இருப்பது போல, வாதிடுவோர் வாயில் மற்றொருவர் மானம் இருக்கிறது. அதனையும் கழுத்தைக் காப்பது போலக் காத்துக் கீழே விடுவதன்றோ முறை?

மான்ட்ரியாலின் கதையும் அங்கேயே முடிந்துவிடவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2010 ஜனவரி 4 அன்று, பிரெட் ஹார்ட் அதே நிறுவனத்தின் மேடைக்கு மீண்டும் வந்தார். ஷான் மைக்கேல்ஸும் வந்தார். இருவரும் பழையதை எடுத்துப் பேசினர், கைகுலுக்கினர், தழுவிக்கொண்டனர். பட்டத்தை இழந்தவரும் பெற்றவரும் வழக்கை முடித்துக்கொண்டுவிட்டனர். அவ்வழக்கையே நம் படிப்பகம் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறது.

பெரிய நகரில் சிறு கூட்டமாக வாழ்பவர் நாம். ஊரிலே ஒரு தெருவோடு பேச்சில்லை என்றால் மறுதெருவுக்குச் செல்லலாம். இங்கே நமக்கு மறுதெரு இல்லை. நோய்க்கும் நன்மைக்கும் கதவைத் தட்டுவதற்கு இருக்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றுள் இரண்டு ஒன்றையொன்று பாராதிருத்தல் நமக்குத் தாங்கும் இழப்பன்று. ஊர் விட்டு வந்த பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க இருப்பது இவ்வொரு வகுப்பே.

இளைஞர் இருவர் பெயரையும் நாம் எழுதவில்லை. அவர்கள் இதனைப் படிப்பர் என்பதை அறிவோம். வீட்டைப் பற்றிச் சொன்னவர், சொல்லப்பட்டவரின் தந்தையாரை ஒருமுறை சென்று காண வேண்டுகிறோம். உடன்வர நாமும் இசைவோம். அன்று எழாத கால்களுக்கு இன்றாவது வேலை கிடைக்கட்டும். கேட்டவர், வந்தவரை உட்காரச் சொன்னால் போதும். மான்ட்ரியாலில் எவர் செய்தது சரி என்பதை அதன்பின் வரும் செவ்வாய்க்கிழமையில் மீண்டும் தொடங்குக. இம்முறை நாளிதழை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறோம்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வகுப்பறைக் கதவு திறந்திருக்கும். பெற்றோர் குழந்தைகளை அனுப்பிவைக்கலாம்.