அதான் குடுத்தாச்சே!

பதிவு எழுதி ரெண்டு மாசம் ஆச்சு. செமஸ்டர், அரியர், சோம்பேறித்தனம்னு வழக்கமான காரணங்கள்தான். இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் ஹாஸ்டல் மெஸ்ஸில் கேட்ட ஒரு வாக்கியம் மண்டைக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருக்கு. இறக்கி வெச்சாத்தான் தூக்கம் வரும் போல.

வாச்சாத்தி பற்றிப் பேச்சு வந்தது. நண்பன் ஒருத்தன் சாம்பாரைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னான்: "அதான் ஆளுக்குப் பத்து லட்சம் குடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தாச்சே மச்சான். இன்னும் என்னத்தைக் கேக்குறாங்க?"

சுத்தி இருந்த நாலு தலையும் ஆமாம்னு ஆடுச்சு. அவன் கெட்டவன் இல்லீங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தப்போ சென்னைக்கு அரிசி மூட்டை ஏத்தி அனுப்பினவங்கள்ல அவனும் ஒருத்தன். அப்படிப்பட்டவனே இப்படிக் கேக்குறான்னா கோளாறு அவன்கிட்ட இல்லை. நிவாரணம்னா என்னன்னு நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த விதத்தில் இருக்கு. என் சண்டை அதோடதான்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமாக: தர்மபுரி மாவட்டம் அரூர்ப் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கிற பழங்குடி ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூணும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் வன்கொடுமை செய்யப்பட்டார்கள். குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மீதிப் பேர் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம், உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. பாக்கி 54 பேர் வழக்கு முடியறதுக்கு முன்னாடியே செத்துப்போயிருந்தார்கள். சரியா 12 வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வேல்முருகன் அதை உறுதி செய்தார். நம்மாள் சொன்ன பத்து லட்சம் அந்தத் தீர்ப்பில் வருவதுதான்.

இதெல்லாம் செய்தியில் வந்தது. நான் பேச வந்தது வேற.

அன்னிக்கு அந்த ஊரில் எதையெல்லாம் அழிச்சாங்கன்னு ஒரு பட்டியல் போட்டுப் பாருங்க. வீடு. வீட்டில் இருந்த தானியம். ஆடு, மாடு, கோழி. ஊர்க் கிணறு. கோபத்தில் கைக்குக் கிடைத்ததை உடைத்த மாதிரியா இருக்கு? ஒரு மலையடிவார ஊர் எதை வெச்சுப் பிழைக்குமோ, அதை ஒண்ணு விடாமக் குறி வெச்சிருக்காங்க. 1977-ல் ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்த்த கூடுதல் நெறிமுறைகள், போர் நடந்தாலும் இதையெல்லாம் தொடக்கூடாது என்று ஒரு பட்டியல் சொல்கின்றன: உணவுப் பொருள், விளைநிலம், பயிர், கால்நடை, குடிநீர் நிலைகள். இந்தியா அந்த நெறிமுறைகளில் சேரவில்லை, வாச்சாத்தியில் போரும் நடக்கவில்லை. ஆனாலும் ரெண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் படிச்சா எனக்கு வயித்தைக் கலக்குது.

இன்னொண்ணு. ஜூன் 20 என்றால் ஆனி மாசம். அடுத்து ஆடி. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று நம்ம பாட்டி எல்லாம் சொல்லுமே, அதுக்குச் சில வாரம்தான் பாக்கி. நம்ம மாவட்டத்து மானாவாரி நிலத்தில் கேழ்வரகோ சாமையோ விதைக்கணும்னா வீட்டில் விதை இருக்கணும், உழ மாடு இருக்கணும், ஆள் இருக்கணும். விதை மண்ணோட போச்சு, மாடு போச்சு, ஆள் ஜெயிலில். இப்ப அந்த ஊருக்கு ஒருத்தர் பத்து மூட்டை அரிசி கொண்டுபோய் இறக்குறார்னு வெச்சுக்குவோம். புண்ணியவான்தான். ஆனா அந்த அரிசி தீர்ந்ததும் என்ன? விதைக்காத வருஷத்துக்கு அறுவடை ஏது?

இதைத்தான் சொல்ல வர்றேன். அடிச்சவனுக்குத் தெரிஞ்ச விஷயம் குடுக்கிறவனுக்குத் தெரியலை. அடிக்கிறவன் பிழைப்பைப் பார்த்து அடிக்கிறான். குடுக்கிறவன் வயித்தை மட்டும் பார்த்துக் குடுக்கிறான்.

"அது பழைய கதை, தொண்ணூத்தி ரெண்டு" என்று சொல்ல வர்றீங்களா? இருங்க. இதே மாவட்டம், 2012 நவம்பர் 7. நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூணு தலித் குடியிருப்புகள். சாதி மறுப்புத் திருமணம் செய்த பெண்ணின் தந்தை இறந்த அன்று கும்பல் உள்ளே புகுந்தது. 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. பெங்களூர், திருப்பூர்னு போய் வேலை செஞ்சு சேர்த்த காசில் கட்டின வீடுகள். பீரோவை உடைச்சு நகையை எடுத்தாங்க. பைக்கை எரிச்சாங்க. புள்ளைங்க சர்டிபிகேட் எரிஞ்சுபோச்சு. ஆளைக் கொல்லலையேன்னு அப்ப சமாதானம் சொன்னவங்க உண்டு. ஆளை விட்டுட்டு, அந்த ஆள் இருபது வருஷமா முன்னேறினதை அழிச்சாங்க. வாச்சாத்தியில் ஆடும் கிணறும் என்னவோ, நத்தத்தில் பைக்கும் சர்டிபிகேட்டும் அதேதான்.

அரசு முதலில் அறிவித்தது வீட்டுக்கு ஐம்பதாயிரம். அதான் குடுத்தாச்சே!

சரி, திட்டிக்கிட்டே இருந்தா ஆச்சா, என்ன பண்ணணும்கிறே என்று கேப்பீங்க. வேடிக்கை என்னன்னா, என்ன பண்ணணும்னு ஏற்கனவே எழுதி வெச்சிருக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் வருட விதிகளை எடுத்துப் பாருங்க. பதட்டமான பகுதி என்று அடையாளம் கண்ட இடத்தில், மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர் எல்லோரோடும் ஒருங்கிணைந்து வேலை செய்ய ஒரு சிறப்பு அதிகாரி வேண்டும் என்கிறது. கொலை, வன்புணர்வு, கொள்ளை மாதிரி கொடுமைகளுக்கு, மூணு மாசத்துக்கு அரிசி, கோதுமை, பருப்பு, சமைக்கப் பாத்திரம்கூடத் தரச் சொல்கிறது. குடும்பத்துக்கு ஓய்வூதியம், ஒருவருக்கு வேலை, நிலம். எரிந்த வீட்டுக்குப் பதிலாக அரசு செலவில் செங்கல்லோ கல்லோ வைத்துக் கட்டிய வீடு. நிவாரணத்தை ஏழு நாளுக்குள் தரணும்னு 2016-ல் திருத்தமே கொண்டுவந்தாங்க. பாத்திரம் வரைக்கும் யோசிச்சு எழுதினவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அப்புறம் எங்க மாட்டுது? நடுவில் மாட்டுது. அரிசி ஒரு துறை. வீடு இன்னொரு துறை. இழப்பீடு ஆதிதிராவிடர் நலத்துறை. ஆடு, மாடுன்னா கால்நடைத்துறை. எரிந்துபோன சர்டிபிகேட்டுக்கு நகல் வாங்கப் பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ், பேங்க். எங்க போனாலும் முதல் கேள்வி "ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கொண்டு வந்தியா?". அட, கார்டுதான்யா எரிஞ்சுபோச்சு! தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ரேஷன் இருக்கிறதால அரிசி எப்படியோ வந்துடும், அந்தப் பெருமை நமக்கு உண்டு. அரிசிக்கு அப்புறம் வர்ற எல்லாத்துக்கும், பாதிக்கப்பட்டவனே ஒவ்வொரு ஆபீஸா ஏறி இறங்கி ஒருங்கிணைப்பாளர் வேலை பார்க்கணும். அடி வாங்கினவனுக்குச் சம்பளம் இல்லாத உத்தியோகம்!

வாச்சாத்தியில் இதுக்கு மேல ஒரு சிக்கல். அந்த 269 பேரில் 155 பேர் வனத்துறை, 108 பேர் போலீஸ், 6 பேர் வருவாய்த்துறை. கலவரம் நடந்த ஊரில் நிவாரணப் பட்டியல் எடுக்கிறது எந்தத் துறை? வருவாய்த்துறை. பாதுகாப்புக்கு நிக்கிறது? போலீஸ். காட்டில் ஒளிந்திருந்த அந்த அம்மா, ஊரை உடைச்ச அதே சட்டைக்கு முன்னாடி வரிசையில் நின்னு கையெழுத்துப் போட்டு அரிசி வாங்கணும். நீங்க வாங்குவீங்களா? மோதலில் ஒரு தரப்பாக இருந்தவங்க கையில் சோத்தைக் குடுத்து அனுப்பாதே. இது உலகம் முழுக்க நிவாரண வேலை செய்யறவங்க முதலில் கத்துக்கிற பாடம்.

இந்த இடத்தில் மெஸ்ஸில் எங்ககூட உட்கார்ந்திருந்த இன்னொரு நண்பன் வாயைத் திறந்தான். நம்ம மாவட்டத்தில் இருக்கிற இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவன், அதிகம் பேச மாட்டான். "சோறு குடுக்கிறது பிறகு. முதல்ல எங்கட ஆக்களை எண்ண வேணுமே" என்றான்.

அவன் சொன்னது வன்னியை. 2008 செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. அப்புறம் லாரியில் போன உணவும் மருந்தும் தலைக்கணக்கில்தான் போச்சு. 2009 பிப்ரவரியில் உள்ளே இருப்பது சுமார் 70,000 பேர் என்றது அரசு. மே மாசம் போர் முடிந்து முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் சுமார் 2,80,000 பேர். கணக்கில் வராத ரெண்டு லட்சம் பேர் அந்த மாசங்களில் என்ன சாப்பிட்டிருப்பாங்க? அரசு வேணும்னே எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியது என்று 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையே சொன்னது. பேனாவால ஒரு எண்ணைக் குறைச்சா துப்பாக்கி இல்லாமலே பட்டினி போடலாம். வன்னியையும் வாச்சாத்தியையும் ஒரே தராசில் வைக்கலை. ஆனா பட்டியல் யார் கையில் இருக்கோ சோறும் அவங்க கையில்தான்கிற விதி ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான்.

அதனால நான் கேக்கறது நாலே நாலு:

1. ஒரு ஊர் எரிஞ்சா மறுநாளே ஒரே ஒரு ஆள் பொறுப்பு. பெயரும் போன் நம்பரும் ஊர்ச் சுவரில் எழுதியிருக்கணும். பாதிக்கப்பட்டவங்க அவரைத் தவிர வேற ஆபீஸ் படி ஏறக் கூடாது.

2. குற்றம் சாட்டப்பட்ட துறைக்கு அந்த ஊர் நிவாரணத்தில் வேலை இல்லை. பக்கத்து மாவட்டத்திலிருந்து ஆள் வரட்டும்.

3. யாருக்கு எவ்வளவு இழப்புங்கிற பட்டியலை ஊர் கூடி உட்கார்ந்து சரிபார்க்கணும். விடுபட்ட பேரைச் சொல்ல அங்கேயே வழி இருக்கணும்.

4. அரிசி இறங்குற அன்னிக்கே பிழைப்புக்கான வேலையும் ஆரம்பிக்கணும். விதைப்புக்கு முன்னாடி விதை, மாடு வந்தா கூடவே தீவனம், காலேஜ் அட்மிஷனுக்கு முன்னாடி சர்டிபிகேட். பட்டம் தப்பி வர்ற விதையைக் கோழிக்குத்தான் போடணும்.

"அதிகாரிங்களுக்கும் ஆயிரம் வேலை, எல்லாத்தையும் குறை சொல்றே" என்று ஒரு பின்னூட்டம் வரும், தெரியும். ஒத்துக்கறேன், தனி அதிகாரி ஒருத்தர் ராப்பகலா உழைக்கலாம். ஆனா பத்துப் பேர் பத்துத் திசையில் உழைச்சா பாதிக்கப்பட்டவனுக்கு மிஞ்சறது அலைச்சல்தான். நான் குறை சொல்றது ஆளை இல்லை, ஏற்பாட்டை.

கடைசியா, மெஸ் நண்பனுக்கு. நீ சொன்ன அதே 2023 தீர்ப்பில் இன்னொரு பகுதியும் இருக்கு மச்சான். பாதிக்கப்பட்ட பெண்களுக்கோ அவங்க குடும்பத்துக்கோ வேலை அல்லது சுயதொழிலுக்கு ஏற்பாடு செய்யணும், வாச்சாத்தி மக்களோட வாழ்வாதாரத்தை உயர்த்த அரசு நடவடிக்கை எடுக்கணும்னு நீதிபதி எழுதியிருக்கார். ஆடும் கிணறும் விதையும் போனது 1992-ல். பிழைப்பைத் திருப்பிக் குடுன்னு இந்தத் தீர்ப்பு சொன்னது 31 வருஷம் கழிச்சு. அன்னிக்குக் கைக்குழந்தையா இருந்த புள்ளைக்கு இப்பப் புள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகுது.

பத்து லட்சம் பெரிய காசுதான். 32 ஆடிப்பட்டத்துக்குக் கணக்குப் போட்டுட்டு வந்து சொல்லு, குடுத்தாச்சான்னு.

டிஸ்கி: நண்பனிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதியிருக்கிறேன். "பேரைப் போட்டுடாதடா" என்றான். போடலை. அடுத்த நாள் சாம்பார் வாளியை என் பக்கம் தள்ளி வெச்சான், சமாதானம்னு எடுத்துக்கிட்டேன். :-)