பல்லில் குறையில்லை, நோயாளி சொல்வது பொய்யுமில்லை



தாமிரபரணிப் பாசனத்தில் விளைந்த அரிசிச் சோற்றை மெல்லும்போது, பொடி மணல் ஒன்று கடைவாயில் அகப்பட்டால் என்ன ஆகிறது? கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்த மணலைப் பல் உடனே கண்டுகொள்கிறது. பல்லின் வேரைத் தாடை எலும்போடு பிணைக்கும் மெல்லிய சவ்வில் உள்ள நரம்பு முனைகளே இதற்கு முக்கியக் காரணம். மில்லிமீட்டரில் 50-இல் ஒரு பங்கு கனமுள்ள தகட்டைக்கூட மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே பலரால் உணர முடியும். தலைமயிரின் கனம் அதைவிட அதிகம்!

மணலைத் துப்பியதும் நாம் அதை மறந்துவிடுகிறோம். ஆனால் சிலருக்கு, மணல் எதுவும் இல்லாமலே, கடிக்கும்போது ஏதோ இடறுவது போன்ற உணர்வு மாதக்கணக்கில் நீடிக்கிறது. பல் மருத்துவர் சோதித்தால் குறை எதுவும் தென்படுவதில்லை. அமெரிக்கப் பல் மருத்துவர் மார்பாக் 1976-இல் இதை ‘மாயக் கடி’ என்னும் பொருள்படும் பெயரால் குறிப்பிட்டார்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. நோயாளி “இன்னும் கொஞ்சம் ராவிவிடுங்கள்” என்று மருத்துவர் மாற்றி மருத்துவரிடம் போகிறார். நல்ல பல் தேய்கிறது, தொல்லை தீர்வதில்லை. எனாமல் ஒருமுறை போனால் மீண்டும் வளராது என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

குறை பல்லில் இல்லையென்றால் எங்கே? தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ். ராமச்சந்திரனின் ஆய்வு நமக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. கையை இழந்த பிறகும் அந்தக் கை வலிப்பதாகச் சொன்னவர்களை அவர் 1990-களில் ஆராய்ந்தார். நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டியபோது சிலருக்கு வலி குறைந்தது. இல்லாத கைக்கும் மூளையில் இடம் இருக்கிறது! மாயக் கடியில் பல் இருக்கிறது என்பது உண்மை. ஆயினும், உணர்வை உருவாக்குவது மூளை என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

சுறுசுறுப்பாக வேலை செய்யும் மூளைப் பகுதிக்கு இரத்தம் அதிகமாகப் பாயும். சிறிதளவு கதிரியக்கப் பொருளை இரத்தத்தில் செலுத்தி, அந்த ஓட்டத்தைப் படமெடுக்கலாம். ஜப்பானிய மருத்துவர்கள் மாயக் கடி நோயாளி ஒருவரை இவ்வாறு படமெடுத்து, 2013-இல் விவரம் வெளியிட்டனர். அவருடைய மூளையின் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இரத்த ஓட்டத்தில் வேறுபாடு இருந்தது. தொல்லை தணிந்தபோது அந்த வேறுபாடும் குறைந்தது.

இதைக் கொண்டு “காரணம் அகப்பட்டுவிட்டது” என்று சொல்லலாமா? கூடாது. இது ஒரே ஒருவரின் படம். மேலும், மூளையின் மாறுதலால் தொல்லை வந்ததா, ஓயாமல் பல்லையே நினைத்ததால் மூளை மாறியதா என்பதைப் படம் சொல்லாது.

என் கருத்து இதுதான். முதலில் பல்லை நன்றாகச் சோதிக்க வேண்டும். குறை இல்லையென்றால் ராவும் கருவியைக் கீழே வைக்க வேண்டும். ஆனால் “எல்லாம் உங்கள் மனப்பிரமை” என்று நோயாளியைத் திருப்பி அனுப்பவும் கூடாது. ஒருவர் படும் துன்பத்தை நம்புவதற்கு மூளைப் படம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நாளை உங்களில் சிலர் பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ மருத்துவராக அமரக்கூடும். “பல் இடறுகிறது” என்று ஒரு பாட்டி வந்தால், பல்லையும் பாருங்கள். அவர் சொல்வதையும் கேளுங்கள்.