டெல்லிக்குப் போகும் மனுவில் கூலிக்காரர் எங்கே?

காவிரிப் படுகையில் ஹைட்ரோகார்பன் ஏலம் என்று செய்தி வரும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். சட்டமன்றத்தில் கவன ஈர்ப்புத் தீர்மானம், முதலமைச்சர் பிரதமருக்கு எழுதும் கடிதம், ஒன்றிய அமைச்சரைப் பார்த்து மனு கொடுக்கும் மக்கள் பிரதிநிதிகள், அடுத்த நாள் நாளிதழில் புகைப்படம். 2020 ஜனவரியில் எடப்பாடி பழனிசாமி எழுதினார். 2021 ஜூனில் புதுக்கோட்டை மாவட்டம் வடதெரு ஏலத்துக்கு வந்தபோது மு.க.ஸ்டாலின் எழுதினார். கட்சி மாறினாலும் கடிதத்தின் மொழி பெரிதாக மாறவில்லை.

டெல்டாவின் விவசாயக் கூலி உறவுகளைப் பற்றி ஆய்வு செய்பவன் என்பதால் இந்தக் கடிதங்களையும் அவைப் பேச்சுகளையும் ஒன்றுவிடாமல் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அவற்றில் நெற்களஞ்சியம் இருக்கிறது, நிலத்தடி நீர் இருக்கிறது, விவசாயி இருக்கிறார். நாற்று நடுபவரும் களை பறிப்பவரும் பெரும்பாலும் இல்லை.

தற்செயலான விடுபடலாக இதை நான் பார்க்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் சுமார் 34 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மூன்றில் ஒருவர். அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வயல் கிடையாது. வேலை மட்டும்தான் உண்டு. கீழத்தஞ்சையில் யாரிடம் நிலம் இருந்தது, யார் அதில் குனிந்தார்கள் என்பதற்கு வெண்மணியைவிடச் சான்று வேண்டாம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் சங்கமாகத் திரண்டதற்காக 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை எரித்த மண் அது. அந்த மண்ணிலிருந்து எழுதப்படும் மனுவில் ‘விவசாயி’ என்று மட்டும் எழுதினால் அது யாரைக் குறிக்கும் என்று படிப்பவருக்கும் தெரியும், எழுதுபவருக்கும் தெரியும்.

“ஹைட்ரோகார்பனை எதிர்த்து எல்லோரும் ஒன்றாக நிற்கும்போது ஏன் சாதியை இழுக்கிறீர்கள்?” என்று தோழர்கள் சிலர் கேட்பார்கள். நானும் எதிர்ப்பவன்தான். தண்ணீர் கெட்டால் முதலில் பாதிக்கப்படுவது சேரியின் அடிபம்பு. நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் போராட்டப் பந்தல் போட்டபோது கூலிக்குப் போகும் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். நிலம் உள்ளவர் ஒரு நாள் உட்கார்ந்தால் அவர் வயல் அங்கேயே இருக்கும். இவர்கள் ஒரு நாள் உட்கார்ந்தால் அன்றைய கூலி போய்விடும். போராட்டத்துக்கு அதிக விலை கொடுத்தவர்களின் பெயர் அதன் மனுவில் இல்லை என்பதுதான் என் குறை.

பெயர் இல்லாமல் போவதால் என்ன நட்டம்? சட்டத்துக்குள் போய்ப் பார்த்தால் தெரியும்.

2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம், பட்டா இல்லாதவரையும் கணக்கில் எடுத்த சட்டம். கையகப்படுத்தப்படும் பகுதியில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்து, அதையே முதன்மைப் பிழைப்பாகக் கொண்ட விவசாயத் தொழிலாளியையும் குத்தகைதாரரையும் அது ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் எண்ணெய்க் கிணறு தோண்டப் பல இடங்களில் நிலத்தைக் கையகப்படுத்துவதே இல்லை. உரிமையாளரிடம் குத்தகைக்கு எடுக்கிறார்கள். ஆண்டு வாடகை பட்டாதாரருக்குப் போகிறது. அந்த வயலில் நடவுக்குப் போன குடும்பத்துக்கு எதுவும் இல்லை, ஏனென்றால் ‘கையகப்படுத்தல்’ நடக்கவே இல்லை. குழாய் பதிப்பதிலும் இப்படித்தான். 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டு, நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து விழுக்காட்டை இழப்பீடாகத் தருகிறார்கள். நிலத்தின் மதிப்பை வைத்துக் கணக்கிடும் தொகையில் நிலமில்லாதவருக்கு என்ன பங்கு இருக்க முடியும்?

மிச்சம் இருந்தது பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். பட்டா நகல் காட்டாமல், யாருடைய சிபாரிசும் இல்லாமல், கூலிக்காரர் ஒருவர் எழுந்து ஒலிபெருக்கியில் பேசக்கூடிய இடம். பேசியது பதிவாக வேண்டும் என்பது விதி. (அந்தக் கூட்டங்கள் எப்படி நடத்தப்படுகின்றன என்பது வேறு கதை.) 2020 ஜனவரி 16 அன்று ஒன்றிய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைத் திருத்தி, எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளை ‘பி2’ வகைக்கு மாற்றியது. அதோடு ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக்கேட்பு தேவையில்லை என்றாகிவிட்டது. அன்றைய முதலமைச்சர் அதை எதிர்த்துக் கடிதம் எழுதியது சரியான செயல்தான். அடுத்த மாதமே பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை அது தடுத்தது. ஏற்கெனவே நடந்துவந்த பணிகளைத் தொடவில்லை. அரியலூர், கரூர், திருச்சி அதற்குள் வரவில்லை. சட்டம் நிறைவேறி ஓராண்டுகூட முடியாத நிலையில், 2021 பிப்ரவரி 17 அன்று நாகப்பட்டினத்தில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறன் கொண்ட சுத்திகரிப்பு ஆலைக்குப் பிரதமர் காணொலி வழியாக அடிக்கல் நாட்டினார்.

டெல்லியிடம் கேட்பதே வீண் என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். எண்ணெய் வயல்கள் ஒன்றியப் பட்டியலில், 53ஆம் இனத்தில் இருக்கின்றன. ஏலம் விடுவது ஒன்றிய அரசு. 2018 அக்டோபரில் நாடு முழுவதும் 55 தொகுதிகளுக்கு ஒப்பந்தம் போட்டபோது 41 வேதாந்தாவுக்குப் போயின. முடிவு சென்னையில் எடுக்கப்படவில்லை. ஆனால் சென்னை கைகட்டி நிற்கும் மனுதாரரும் அல்ல. 1959 விதிகள் ஏற்படுத்திய நடைமுறையில், நிலப்பரப்பில் உரிமமும் குத்தகையும் வழங்குவது மாநில அரசு, ஒன்றியத்தின் முன் ஒப்புதலோடு. உரிமத்தொகையும் மாநிலத்துக்கே வருகிறது. 2011 ஜனவரியில் மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டதும் மாநில அரசுதான். 2015இல் அதை நிறுத்தியதும் மாநில அரசுதான். டெல்லிக்கு எழுதும் அதே கையால் இங்கேயும் சில உத்தரவுகளில் கையெழுத்துப் போட முடியும்.

யார் சொன்னால் டெல்லி கேட்கிறது என்பதையும் கவனியுங்கள். 2023 ஏப்ரலில் டெல்டா நிலக்கரித் தொகுதிகளுக்கு எதிராகச் சட்டமன்றமே ஒரே குரலில் பேசியது. மூன்று தொகுதிகளையும் விலக்கிய ஒன்றிய அமைச்சர், கூட்டாட்சி உணர்வு என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, தன் கட்சியின் அன்றைய மாநிலத் தலைவரின் வேண்டுகோளைத்தான் குறிப்பிட்டார். மதுரை டங்ஸ்டனில் இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது. 2024 டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, பல்லாயிரம் பேர் மதுரைக்கு நடந்தார்கள். கடைசியில் 2025 ஜனவரி 22 அன்று டெல்லியில் ஒன்றிய அமைச்சரின் எதிரே உட்கார்ந்தவர்கள் அம்பலக்காரர்கள். மறுநாள் ஏலம் ரத்து. ரத்தானதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் ஊரின் சார்பில் பேச அம்பலக்காரர் போதும் என்று கட்சியும் அமைச்சகமும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட அந்தக் காட்சியைப் பார்த்தபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட அவைக்கு என்ன மதிப்பு, சேரிக்கு என்ன இடம் என்ற இரண்டு கேள்விகளும் சேர்ந்தே வந்தன.

இப்போது இராமநாதபுரம். ஓ.என்.ஜி.சி. 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட 2025 மார்ச்சில் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்தது. ஆய்வுக் கிணறு என்பதால் கருத்துக்கேட்பு இல்லை. ஆகஸ்டில் செய்தி வெளியாகி எதிர்ப்புக் கிளம்பியதும், அனுமதியைத் திரும்பப் பெறும்படி மாநில அரசே ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. வேளாண் மண்டலச் சட்டம் அந்த மாவட்டத்தைத் தொடாது. ஆகவே இன்னொரு சுற்றுக் கடிதங்கள் எழுதப்படும், சட்டமன்ற உறுப்பினர்கள் பேசுவார்கள், சிலர் டெல்லிக்கும் போவார்கள்.

போகட்டும். போவதற்கு முன் தங்கள் தொகுதியின் காலனிகளில் ஒரு கிராமசபை அளவுக்காவது கூட்டம் போட்டுக் கேட்டுவிட்டுப் போகட்டும். ஆய்வுக் கிணறுகளுக்கும் கருத்துக்கேட்பு திரும்ப வேண்டும் என்பது மனுவின் முதல் வரியாக இருக்கட்டும். டெல்லியைக் கேட்காமல் சென்னையே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிணறுகளின் நிலக் குத்தகை புதுப்பிக்கப்படும்போது, அந்த வயலில் கூலி இழந்த குடும்பங்களைக் கணக்கெடுத்து, வாடகை போகும் அதே நாளில் அவர்களுக்கும் ஒரு தொகை போக வேண்டும் என்று நிபந்தனை போடுவது. அந்தக் கணக்கெடுப்புக்கு எந்த ஒன்றிய அமைச்சரின் அனுமதியும் வேண்டாம். ஒரு மாவட்ட ஆட்சியரின் சுற்றறிக்கை போதும்.