பற்பசையும் முன்விளக்கும்

பண்ணைப் பாலத்தைத் தாண்டி அல்லைப்பிட்டி, வேலணை, நாரந்தனை என்று ஊர்காவற்றுறைப் பக்கமாக இரவில் பயணம் செய்பவர்கள் எதிரே வரும் கார்களின் முன்விளக்குகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். பலவற்றின் முகத்தில் கண்ணில் புரை விழுந்தாற்போல ஒரு மஞ்சள் மூட்டம் படிந்திருக்கும். விளக்கு எரியும், வீதி தெரியாது.

இதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனமே பொன்னாயிற்று. வழி திறந்த பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய கார் சாதாரண குடும்பத்துக்கு எட்டாக்கனியாகவே இருக்கிறது. பழைய வாகனத்தோடு அதன் பழைய விளக்கையும் வைத்திருக்கவேண்டிய நிலை. புதிய முன்விளக்கு என்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் விலை விசாரித்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிடுகிறோம். ஆகவேதான் பற்பசை, அப்பச்சோடா, தேங்காயெண்ணெய் என்று வீட்டு வைத்தியம் ஊருக்கூர் பரவியிருக்கிறது.

கைவைத்தியத்தை இகழ்வது என் நோக்கமன்று. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் நாம். ஜாம் போத்தலுக்குள் திரியிட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் நாம். ஆனால் அன்று மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய சாரதிக்கு, முதலில் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைச் சூடாக்கவேண்டும் என்பது தெரிந்திருந்தது. ஏன் என்பதும் தெரிந்திருந்தது. இன்றைய பற்பசை வைத்தியத்தில் அந்த 'ஏன்' தவறிப்போய்விட்டது.

நமது தந்தையர் காலத்து ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களின் முன்விளக்கு கண்ணாடியால் ஆனது. கண்ணாடி வெயிலில் மஞ்சளாகாது. இன்றைய கார்களில் இருப்பது பொலிகார்பனேற்று என்னும் பிளாஸ்ரிக். 1953 இல் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்ட இப்பொருள், 1980களிலிருந்து முன்விளக்குகளில் இடம்பிடித்தது. எடை குறைவு, கல் பட்டாலும் எளிதில் உடையாது, விரும்பிய வடிவில் வார்க்கலாம். அதன் பலவீனம் சூரியனின் புறஊதாக் கதிர். அதனைத் தடுக்கவே தொழிற்சாலையில் மெல்லிய கடினப் பூச்சொன்று பூசி அனுப்புகிறார்கள். ஆண்டுக்கணக்கான வெயிலாலும், காற்றோடு வந்து மோதும் மணலாலும் அப்பூச்சு தேய்ந்து உரிகிறது. பிறகு பிளாஸ்ரிக்கே மங்குகிறது. நமது தீவகத்தில் வெயிலுக்கும் மணற்காற்றுக்கும் பஞ்சமில்லை.

இனிப் பற்பசைக்கு வருவோம். அதிலுள்ள சிலிக்கா அல்லது கல்சியம் காபனேற்றுத் துகள்கள் மிக நுண்ணிய அரம்போல வேலைசெய்து, மங்கிய மேற்படையைச் சுரண்டி எடுக்கின்றன. விளக்கு பளிச்சிடுவது உண்மை. ஆனால் எஞ்சியிருந்த பாதுகாப்புப் பூச்சும் அதோடு போய்விடுகிறது. மேலே புதிய பூச்சு எதுவும் இல்லாவிட்டால் சில வாரங்களிலோ மாதங்களிலோ மூட்டம் திரும்பி வரும். அப்பச்சோடாவையும் வினாகிரியையும் கலந்தால் நுரை பொங்கும். அந்த நுரையில் வித்தை ஒன்றுமில்லை. ஒன்று மற்றொன்றைச் செயலிழக்கச் செய்கிறது. கரையாமல் எஞ்சிய சோடாத் துகள்தான் தேய்க்கிறது. தேங்காயெண்ணெய் கீறல்களை ஓர் இரவுக்கு நிரப்பி மறைக்கும். மறுநாள் புழுதியை இழுத்து ஒட்டவைக்கும். நுளம்பு விரட்டித் தெளிப்பானை அடிப்பவர்களும் உண்டு. அதிலுள்ள 'டீட்' என்னும் இரசாயனம் பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பையே கரைப்பதால் வரும் பளபளப்பு அது. பெற்றோலும் தின்னரும் நுண்வெடிப்புகளை உண்டாக்கும். இவற்றை விளக்கின் அருகே கொண்டுபோகவே கூடாது.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? அதுவும் மலிவானதே. சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சுற்றியுள்ள வர்ணத்தை ஒட்டுநாடாவால் மறையுங்கள். வோட்டர் பேப்பரை நீரில் நனைத்து, 800 அல்லது 1000 இலக்கத்தில் தொடங்கி 2000 வரை படிப்படியாகத் தேயுங்கள். பிறகு மெருகூட்டும் பசை. அது கிடைக்காவிட்டால் இந்த இடத்தில் பற்பசை தாராளமாக உதவும். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, புறஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிவான லக்கரைப் பூசுங்கள். இந்தக் கடைசிப் படிதான் உயிர். லக்கர் கிடைக்காதவர்கள் புறஊதாத் தடுப்புள்ள கார் மெழுகை மாதமொருமுறை தேய்த்துவரலாம். காரை நிழலில் நிறுத்துவதற்குக் காசு வேண்டியதில்லை. மூட்டம் விளக்கின் உட்புறத்தில் இருந்தால் மட்டும் வெளியே எதைத் தேய்த்தும் பயனில்லை.

அமெரிக்காவின் ஏஏஏ எனப்படும் வாகன ஓட்டுநர் சங்கம் 2018 இல் வெளியிட்ட ஆய்வின்படி, மங்கிய முன்விளக்கு புதியதன் ஒளியில் 22 வீதத்தை மாத்திரமே தந்தது. முறையாக மெருகேற்றியபோது அது ஏறத்தாழ 70 வீதத்துக்கு உயர்ந்தது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் ஒரு செக்கனில் 16 மீற்றருக்கு மேல் கடக்கிறது. கட்டாக்காலி மாடுகள் வீதியில் படுத்திருக்கும், விளக்கில்லாத சைக்கிளில் முதியவர்கள் வரும் நம் ஊரில் இக்கணக்கின் பொருளை விளக்கவேண்டியதில்லை.

மங்கிய விளக்குக்குள் அதிக வெளிச்சமான எல்ஈடி குமிழைப் பொருத்தும் வழக்கமும் பரவிவருகிறது. மங்கிய பிளாஸ்ரிக் ஒளியைச் சிதறடிக்கும். தன் பாதை தெளியாது. எதிரே வருபவனின் கண்தான் கூசும். தன் குறையை அயலவன் தலையில் கட்டுவது இதுவே.

ஆண்டுதோறும் வாகன வரி அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். நல்லது. காரின் பின்பக்கத்துப் புகையை அளக்கும் அதே நிலையத்தில், முன்பக்கத்து விளக்கின் ஒளியையும் திசையையும் அளந்து சொல்வதற்கு மேலும் சில நிமிடங்களே போதும். அபராதம் வேண்டாம், 'உங்கள் விளக்கு மங்கிவிட்டது, இப்படிச் சரிசெய்யுங்கள்' என்று ஒரு துண்டுக் கடதாசி கொடுத்தாலே பலர் செய்வார்கள். அதிகாரிகள் அதைச் செய்யும்வரை காத்திராமல், இன்றிரவே உங்கள் வீட்டு மதிலுக்கு நேரே காரை நிறுத்தி விளக்கைப் போட்டுப் பாருங்கள். மதிலில் விழும் வெளிச்சம் விளிம்பு தெரியாமல் மஞ்சளாகப் பரந்து கிடந்தால், நாளைக்கே வோட்டர் பேப்பர் வாங்கிவிடுங்கள்.